போயிட்டு வந்த சங்கிலி

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்கு எங்கள் வீட்டிலிருந்து நேர் ரோட்டில் நடந்தால் பத்து நிமிஷம். ஒரு வருஷத்துக்கு மேல் நான் அந்த ரோட்டில் கால் வைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இறங்கி, ஏரிக்கரை ஓரமாகப் போய், கருவேல முள்ளுக்குள் புகுந்து, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவேன். செருப்பில் முள் ஏறாத நாள் கிடையாது. மழைக் காலத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டும். எல்லாம் எதற்கு? நேர் ரோட்டில் பால்காரம்மா வீடு இருந்தது. அதைத் தாண்டினால் அண்ணாச்சியின் மளிகைக் கடை. இரண்டு பேருக்கும் நாங்கள் பாக்கி.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவர் ஒன்பது மணிக்கே திரும்பி வந்தார். கேட்டில் பூட்டு, பூட்டுக்கு மேலே ஒரு நோட்டீசு. இன்றைக்குத் திறப்பான், நாளைக்குத் திறப்பான் என்று எட்டு மாதம் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். திறக்கவே இல்லை. முதலாளிகள் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அவர்களைத் திட்டுவதற்கு இல்லை. சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு நன்றி சொல்ல வராது. நேரில் சொல்லப் போனால் சண்டை போடுகிற மாதிரிதான் குரல் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த எட்டு மாதம் பாலைக் கணக்கில் வாங்கினோம், அரிசி பருப்பைக் கணக்கில் வாங்கினோம். சைக்கிளில் பாத்திரமும் புடவையும் கொண்டுவரும் தவணைக்காரரிடம் அதற்கு முன்னாலேயே சாமான் எடுத்து வைத்திருந்தோம். அதற்குத் தவணை நின்றது. எனக்கு டைபாய்டு வந்து படுத்தபோது ஆஸ்பத்திரிக்காக வட்டிக்காரர் ஒருவரிடம் ஆயிரத்து இருநூறு வாங்கினோம். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி. எல்லாவற்றிலும் பெரிது என் நாத்தனாருடைய சங்கிலி.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி. பட்டாபிராமில் இருந்தாள். அவள் புருஷன் ராணுவக் கிடங்கில் மூட்டை தூக்குகிற வாயில்லாத மனுஷன். வாய் முழுக்க அவன் அம்மாவுக்கு. நாங்கள் இரண்டு மாசம் வாடகை கொடுக்காமல், வீட்டுச் சொந்தக்காரன் சாமானைத் தூக்கித் தெருவில் வைப்பேன் என்று நின்ற வாரம் அவள் வந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கழுத்திலிருந்த இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றி, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு, சங்கிலியை என் கையில் கொடுத்தாள். "அடகு வச்சிக்க அண்ணி. அப்பால மீட்டுக் குடு" என்றாள். ஆவடியில் அடகுக் கடையில் வைத்து இரண்டாயிரம் வாங்கினோம். வட்டி கட்டாமல் விட்டால் ஒரு வருஷத்தில் ஏலத்துக்குப் போய்விடும். ரசீது எங்கள் பெயரில். கயிறு அவள் கழுத்தில்.

எஸ்டேட்டில் பந்தலைப் பிரித்தபிறகு அவர் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தார். பழைய சம்பளத்தில் முக்கால்வாசிதான். நான் பட்டரவாக்கம் பக்கம் சுவிட்சு பொருத்துகிற கம்பெனியில் சேர்ந்தேன். இரண்டு சம்பளம் வந்தது. வயிற்றுக்கும் வாடகைக்கும் போக மாதம் இருநூறு ரூபாய் கடனுக்கு எடுத்து வைக்க முடிந்தது.

எஸ்டேட்டில் எல்லாருக்கும் ஏழாம் தேதி சம்பளம். அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு எதிரே வட்டிக்காரர்கள் நிற்பார்கள். மாப்பிள்ளை வருகிறாரா என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொரு ஆளாகப் பார்ப்பார்கள். அவர்களிடமிருந்து தப்பி வந்தால் தெருவில் மற்றவர்கள். எங்கள் ஆட்களுக்கு இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. கண்ணில் காட்டுவது என்று அதற்குப் பெயர். பால்காரிக்கு இருபது, கடைக்கு நாற்பது, தவணைக்கு நாற்பது, வட்டிக்கு அறுபது, அடகு வட்டிக்கு நாற்பது. எல்லாருக்கும் காசைக் கொஞ்சம் கண்ணில் காட்டிவிட்டால் யாரும் கத்தமாட்டார்கள் என்பது என் வீட்டுக்காரரின் கணக்கு. தெருவில் எல்லா வீட்டு ஆம்பிளைகளின் கணக்கும் அதுதான்.

அது பொய்க் கணக்கு. இருபது கொடுத்த பால்காரி மிச்சத்துக்குக் கத்துவாள். நாற்பது கொடுத்த அண்ணாச்சி அடுத்த வாரம் அரிசியை நிறுத்துவார். ஐந்து நாய்க்கு ஒரு பிஸ்கட்டை உடைத்துப் போட்ட மாதிரி, ஐந்தும் குரைத்தது. வட்டியும் புதுக் கணக்கும் ஏறிக்கொண்டே இருந்ததால் ஒரு வருஷம் கண்ணில் காட்டியும் ஒரு கடன்கூடக் குறையவில்லை. எதிர் வீட்டில் ஒரு குடும்பம் இதே மாதிரி இருந்து, ஒரு நாள் பானை சட்டியோடு அரக்கோணம் பக்கம் போய்விட்டது. அதைப் பார்த்து இவரும் ஆரம்பித்தார்.

"நாமளும் போயிடலாம்மே. சென்னீர்குப்பம் பக்கம் பட்டறைல ஆளு கேக்குறான். யாருக்குத் தெரியப் போவுது?"

"உன் தங்கச்சி கயித்த இன்னா பண்ணுவ? அதையும் கூட எடுத்துகினு போவியா?" என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு மானம் கௌரவம் என்று பெரிய வார்த்தைகள் தெரியாது. அந்தச் சங்கிலி அவள் கழுத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு.

வழி பிறந்தது யோசித்து இல்லை. கோபத்தில் பிறந்தது.

ஒரு ஏழாம் தேதிக்கு முந்தின நாள் காலை, தண்ணி லாரி வந்து தெருவே குடத்தோடு நின்றது. பால்காரம்மா எருமைக்குத் தண்ணி பிடிக்க வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"இன்னாமே, பின்னால வழியா போனா எனக்குத் தெரியாதா? என் எருமைக்கு உன் நடை தெரியும். பாலக் குடிக்க வாய் வருது, காசு குடுக்க கை வரல. எழுவது ரூவா. எழுவது ரூவாக்கு ஒருத்தி முள்ளுல நடப்பாளா?"

தெருவே சிரித்தது. எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. எழுபது ரூபாய் என்று அந்தம்மா சொன்னதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. அவ்வளவுதானா? ஒரு வருஷமாக நான் ஒளிந்து நடந்தது எழுபது ரூபாய்க்கா?

மறுநாள் சம்பளக் கவரை வாங்கியதும் நேர் ரோட்டில் போனேன். எழுபது ரூபாயையும் மொத்தமாக எண்ணி அந்தம்மாவின் சாணி ஒட்டின கையில் வைத்தேன். "இனிமே கைக்காசுக்குத்தான் பால். கணக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நன்றாகத் திட்டிவிட்டு வரத்தான் போனேன். காசை வைத்தபிறகு திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த மாதம் மற்றவர்களுக்குப் பாதிதான் போனது. அடகு வட்டியை மட்டும் குறைக்கவில்லை. அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தவணைக்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி மணியை அடித்துக்கொண்டே இருந்தார். வட்டிக்காரர் என் வீட்டுக்காரரைக் கேட்டில் சட்டையைப் பிடிக்காத குறை. வீட்டுக்கு வந்து அவர் என்மேல் பாய்ந்தார்.

"உனக்கு அறிவு கீதா? வட்டி இல்லாத கடன மொத்தமா அடைச்சிட்டு வட்டி போடறவனுக்குப் பாதி குடுக்கறியே. எந்த ஊர் கணக்கு இது?"

"எனக்குக் கணக்குத் தெரியாது. அந்தம்மா ஊட்டு முன்னால இன்னிக்கு நடந்து வந்தேன். அது எனக்குத் தெரியும்."

அடுத்த மாதம்தான் எனக்கே புரிந்தது. பால்காரிக்கு எடுத்து வைக்கும் இருபது ரூபாய் கையில் நின்றது. அதை மளிகைக் கடையின் நாற்பதோடு சேர்த்தால் அறுபது. கடைக் கடன் முன்னூற்று அறுபது. அது முடிந்தால் அந்த அறுபது தவணைக்குப் போகும். அங்கே நாற்பதோடு சேர்ந்து நூறாகும். சின்னதை முதலில் கொல்ல வேண்டும். அதற்குப் போன காசை அடுத்ததன் தலையில் போட வேண்டும். மற்றவர்களுக்கு நின்றுபோகாமல் கொஞ்சம். இவ்வளவுதான்.

இதற்கு இப்போது பெயர் வைத்திருக்கிறார்களாம். பனி உருண்டை உருள உருளப் பெரிதாகிற மாதிரி என்று சொல்கிறார்களாம். பாங்கில் வேலை பார்க்கிற என் மகள் சொன்னாள். ஆவடியில் எவள் பனியை உருட்டினாள்? சாணியை உருட்டினால் பெரிதாகும், அது தெரியும்.

என் வீட்டுக்காரர் விடவில்லை. அதிக வட்டிக்காரனைத்தான் முதலில் அடைக்க வேண்டும் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் வட்டிக்காரர் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கமாட்டார். மொத்தமாகக் கொடு, இல்லையென்றால் வட்டி கொடு என்பார். ஆயிரத்து இருநூறை வீட்டில் சேர்த்து வைக்க வேண்டும். வாசலில் மூன்று பேர் நிற்கிற வீட்டில் காசு சேருமா? முதலில் வாசலைக் காலி பண்ண வேண்டும். இதைச் சொன்னதும் அவர் சிலேட்டைக் கீழே வைத்தார். அடுத்த ஏழாம் தேதியிலிருந்து கவரைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். எஸ்டேட்டில் டீக்கடைக்குக்கூட அதிலிருந்து எடுக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் "இன்னா மாமே, ஊட்ல கவர்னர் ஆட்சியா?" என்று கேலி செய்தார்களாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் போட்ட வரிசையில் ஒரு முள் இருந்தது. சின்னது முதலில் என்றால் பெரியது கடைசியில். பெரியது நாத்தனாருடையது. கத்துகிறவர்களுக்கெல்லாம் முதலில் காசு. வாயே திறக்காதவளுக்குக் கடைசியில். அதை அவளிடம் மறைக்க எனக்கு இஷ்டமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்துப் பட்டாபிராமுக்குப் போனேன். அவள் அடிபம்பில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நானும் பம்பை அடித்துக்கொண்டே சொன்னேன்.

"உன் சங்கிலிதான் கடைசி. மத்ததெல்லாம் தீர்த்துட்டுத்தான் அதுக்கு வருவேன். திட்றதுன்னா இப்பவே திட்டிடு."

அவள் துணியைப் பிழிந்தாள். "திட்றதுக்கு எங்க ஊட்ல ஒரு ஆளு சம்பளம் இல்லாம வேலை செய்யுது அண்ணி. நான் வேற எதுக்கு?"

உள்ளேயிருந்து அவள் மாமியார், "இன்னாடி அங்க குசுகுசுன்னு?" என்று கத்தினாள்.

"பாத்தியா? டியூட்டில கீது" என்றாள் நாத்தனார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வட்டிய மட்டும் வுட்றாத அண்ணி. ஏலத்துக்குப் போவ வுட்றாத. கடைசின்னா கடைசி, நான் இருந்துக்கிறேன்" என்றாள்.

கடன் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்றவளை நான் அவள் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி கடன் தீபாவளிக்கு முன்னால் முடிந்தது. அதற்குப் பால்காரம்மாதான் உதவி என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தம்மா கடையில் புண்ணாக்கு வாங்கும்போது, "அது வாய்தான் ஒரு முழம். ஆனா சொன்ன காசு வந்துடும்" என்று சொல்லியிருக்கிறார். திட்டிய அதே வாய். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணாச்சி நிறுத்தி வைத்திருந்த அரிசியை மறுபடி போட ஆரம்பித்திருக்கிறார். கடைசி அறுபது ரூபாயை நான் நீட்டியபோது ஐம்பதை எடுத்துக்கொண்டு பத்தைத் திருப்பித் தந்தார்.

"புள்ளைக்குப் பட்டாசு வாங்கு தாயி."

"கணக்குல எழுதுவீங்களா?"

"இது கணக்கு இல்லம்மா. எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு வாரியே" என்றார். அவர் திருநெல்வேலிப் பக்கம். கோபம்கூட அவருக்கு மெதுவாகத்தான் வரும். மறுநாளிலிருந்து நான் ஸ்டேஷனுக்கு நேர் ரோட்டில் போனேன். முதல் நாள் எனக்கு நடையே வரவில்லை. முள் இல்லாத இடத்தில் காலை எப்படி வைப்பது என்று மறந்த மாதிரி இருந்தது.

தவணைக்காரர் கோடையில் முடிந்தார். முடிந்த அன்றைக்கே சைக்கிள் கேரியரைத் திறந்து புதுப் புடவைகளைக் காட்டினார். போகச் சொன்னேன். மணியடித்துக்கொண்டே போனார்.

பிறகு மாதம் நூறும், ஓவர்டைம் காசும் வட்டிக்காரருக்காக அரிசிப் பானைக்குள் சேர்ந்தது. வாசலில் யாரும் நிற்காததால் சேர்ந்தது. அது முழுசாவதற்குப் பத்து மாதம் ஆனது. ஆயிரத்து இருநூறு ஆனதும் இரண்டு பேருமாக ஏழாம் தேதி கேட்டுக்குப் போனோம். வட்டிக்காரர் மனசில்லாமல் பார்த்தார்.

"இன்னா நைனா அவசரம்? வட்டி மட்டும் குடுத்துகினு இரு. நான் கேட்டனா?"

"நீ கேக்கமாட்ட. நான் குடுக்கறேன். புரோநோட்ட எடு" என்றேன்.

நோட்டைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உன்ன மாதிரி நாலு பொம்பள எஸ்டேட்ல இருந்தா நான் கடைய மூடிட்டு ஊருக்குப் போவ வேண்டியதுதான்."

அவர் வாங்கின வட்டி அசலைத் தாண்டிவிட்டது. நல்லவர் என்று எழுதமாட்டேன். ஆனால் எனக்குக் காய்ச்சல் கொதித்த அன்றைக்கு எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கதவைச் சாத்தினார்கள். அந்த மனுஷன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் உயிரோடு இருப்பதில் அவர் காசும் இருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி சங்கிலி மட்டும்தான். இப்போது இருநூறு ரூபாயும் ஒரே இடத்துக்குப் போகும். அடகுக் கடையில் அசலைப் பகுதி பகுதியாக வாங்கிக்கொள்வார்கள். ஒரு வருஷத்துக்குள் மீட்டுவிடலாம் என்று நினைத்தேன். பாதியைத் தாண்டும்போது நாத்தனார் மகள் பெரியமனுஷி ஆனாள்.

தாய்மாமன் சீர் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது சும்மா போகிற சமாசாரம் இல்லை. பட்டுப் பாவாடை, தோடு, தட்டுத் தட்டாகப் பழம், மேளம். மாமன் எத்தனை தட்டு கொண்டு வந்தான் என்று சபை எண்ணும். அந்த எண்ணிக்கையை அவளுடைய மாமியார் சாகும்வரை சொல்லிக்காட்டுவாள். சடங்கைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சிலேட்டில் எழுதி எழுதி அழித்தார். மூன்றாம் நாள் வாயைத் திறந்தார்.

"ஆயிரம் ரூவா மட்டும் வாங்கிக்கலாமா? அதே ஆளுகிட்ட?"

நான் கத்தவில்லை. எனக்கே ஆச்சரியம். "உன் தங்கச்சி சபைல மஞ்சக் கயித்தோட நிப்பா. நீ கடன் வாங்கி அவ பொண்ணு காதுல தோடு மாட்டுவ. பாக்கறவன் எத பாப்பான்?" என்று கேட்டேன்.

மறுநாள் பட்டறைக்குச் சைக்கிளில் போனவர் சாயங்காலம் நடந்து வந்தார். நல்ல சைக்கிள். கல்யாணத்துக்கு முன்னால் தன் முதல் போனசில் வாங்கியது. ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்து, எனக்கு முன்னால் அதற்குத்தான் கற்பூரம் காட்டுவார். விற்ற காசை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, "கால் கீதில்ல, நடப்பேன்" என்றார். "ரயில்ல உன்கூட வரேன்."

அந்தக் காசையும், தீபாவளி போனசையும் சேர்த்துப் பார்த்தால் மீதி அசலுக்குச் சரியாக இருந்தது. சீருக்கென்று ஆயிரம் ரூபாய் கடன் வாங்கவில்லை. வாங்காத கடனும் ஒரு வரவுதான். பொங்கல் கழிந்த வாரம் ஆவடிக்குப் போனோம். கடைக்காரர் சங்கிலியைத் தராசில் போட்டுக் காட்டினார். இரண்டு பவுனும் இருந்தது. வெளியே வந்து என் வீட்டுக்காரர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, பசி வந்தது. ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம்.

சீர்த் தட்டு எங்களிடம் இல்லை. பால்காரம்மாவிடம் அவர் மகள் கல்யாணத்துப் பித்தளைத் தாம்பாளங்கள் இருந்தன. கேட்டேன். "அஞ்சு தரேன். நசுங்குனா காசு" என்றார். அண்ணாச்சி தேங்காயும் கற்கண்டும் கைக்காசுக்குத்தான் கொடுத்தார், ஆனால் நிறுவையில் கை தாராளமாக விழுந்தது. நான்கு தட்டில் பழம், தேங்காய், கற்கண்டு, ஒரு சீட்டிப் பாவாடை தாவணி. ஐந்தாவது தட்டில் வெற்றிலை, அதன்மேல் சங்கிலி. பட்டு இல்லை. தோடு இல்லை. மேளம் இல்லை.

பட்டாபிராமில் ஸ்டேஷனிலிருந்து தட்டுகளைத் துணி மூடி எடுத்துப் போனோம். சபையில் வைத்தோம். மாமியார் ஒவ்வொரு துணியாகத் தூக்கிப் பார்த்தாள். ஐந்தாவதில் கை நின்றது. அவளுக்குத் தெரியாத சங்கிலியா? கூட்டத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா கூத்து இது? அவ சங்கிலியையே தட்டுல வச்சி அவளுக்கே சீரா கொணாந்துகிறாங்க. உங்க பக்கத்துல இதான் மாமன் மொறையா?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தார். எனக்கு வாய் துடித்தது. அங்கே வாயைத் திறந்திருந்தால் இரண்டு குடும்பமும் அன்றைக்கே பிரிந்திருக்கும். அதற்குள் நாத்தனார் வந்தாள். மகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த கையோடு அப்படியே சங்கிலியை எடுத்தாள்.

"இது போயிட்டு வந்த சங்கிலி அத்தே" என்றாள். குரலே உயரவில்லை. "கம்பெனி மூடுன வருசம் இந்தத் தெருவுல எத்தினி சங்கிலி போச்சு? எந்த ஊட்டுக்கு எது திரும்பி வந்துச்சு, சொல்லு. எங்க அண்ணன் கொணாந்துச்சு. இதுக்கு மேல இன்னா சீரு?"

அந்தக் கூட்டத்தில் அதே மாதிரி சங்கிலி கொடுத்தவர்கள் இருந்தார்கள். வாங்கியவர்களும் இருந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தன் வெறும் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். மாமியார் சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவளோடு சேரவில்லை. சங்கிலியை மருமகள் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கண்ணி தேஞ்சாப்ல கீதே" என்று முனகினாள். பிறகு அவளே அதை நாத்தனார் கழுத்தில் போட்டுவிட்டாள். அவளுக்கும் எனக்கும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவளையும் மன்னித்துவிட்டேன்.

சாப்பிடும்போது நாத்தனார் எனக்குப் பாயசம் ஊற்ற வந்தாள். குனிந்தபோது சங்கிலி முன்னால் வந்து என் இலைமேல் ஆடியது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"ரொம்ப நாள் ஆக்கிட்டேன்" என்றேன்.

"பாயசம் ஊத்தறேன், இலைய நேரா பிடி அண்ணி" என்றாள்.

இவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது. இவ்வளவு வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன். நீ கடைசியில் நின்றதால்தான் என்னால் முதலிலிருந்து ஆரம்பிக்க முடிந்தது. நீயும் வரிசையில் முட்டியிருந்தால் நாங்கள் இன்னும் கண்ணில் காட்டிக்கொண்டே இருந்திருப்போம், அல்லது எதிர் வீட்டுக்காரர்கள் மாதிரி ஓடியிருப்போம். இதைப் படித்துவிட்டு அழாதே. நேரில் வந்து கேட்டால் நான் எழுதவே இல்லை என்றுதான் சொல்வேன்.

சாயங்கால ரயிலில் திருமுல்லைவாயிலுக்குத் திரும்பினோம். ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேரும் நேர் ரோட்டில் நடந்தோம். அண்ணாச்சி கடையிலிருந்து கையைத் தூக்கினார். எருமையை உள்ளே ஓட்டிக்கொண்டிருந்த பால்காரம்மா என் வெறும் கையைப் பார்த்து நின்றார்.

"எங்கமே என் தட்டு?"

அப்போதுதான் நினைவு வந்தது. ஐந்து தாம்பாளத்தையும் பட்டாபிராமிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

"காலைல வந்துடும்" என்றேன்.

"காலைலன்னா காலைல. மறுபடியும் முள்ளு வழியா ஆரம்பிச்சிடாத."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மறுநாள் முதல் ரயிலுக்குப் போய், தட்டுகளை வாங்கி, அங்கேயே அடிபம்பில் புளி போட்டுத் தேய்த்து எடுத்து வந்தேன். அந்தம்மா ஒவ்வொன்றாகத் திருப்பி, நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். நசுங்கவில்லை.